ஆயில், கியர் ஆயில், 'இன்னொரு பாட்டில்': கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நின்று பதினாறு வருஷம் ஆகிறது. ஆயில் வாங்க வருபவர்கள் என்ன கேட்டாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: ஆயிலுக்குள் என்ன இருக்கிறது, கூட எதையாவது கலந்தால் வண்டிக்கு நல்லதா? ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஆயில்னா ஆயில்தானே அண்ணே, அதுக்குள்ள தனியா என்ன அடிட்டிவ்?

கேனில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் பேஸ் ஆயில். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்ததாக இருக்கலாம், சிந்தெடிக்காக இருக்கலாம். மிச்சம்தான் அடிட்டிவ். வெறும் பேஸ் ஆயிலை ஊற்றினாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஆயில் கெட்டியாகும், நுரைக்கும், பிஸ்டனில் கரி கட்டும், கேம் தேயும்.

ஒவ்வொரு அடிட்டிவுக்கும் ஒரு வேலை. கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட், சூடான பாகங்களில் படிவு சேராமல் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல், டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தையும் முறிக்கும். டிஸ்பர்சன்ட், கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைக்கும். ஆன்டி ஆக்ஸிடன்ட், சூட்டில் காற்று பட்டு ஆயில் கெடுவதைத் தள்ளிப்போடும். நுரை அடங்கச் சிலிக்கான் போடுவார்கள், அதுவும் பத்து லட்சத்தில் சில பங்குதான். அது கொஞ்சம் கூடிப்போனாலே ஆயிலுக்குள் மாட்டிய காற்றுக் குமிழி வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடும். ரசத்தில் உப்பு மாதிரி: வேண்டும், ஆனால் பக்கத்தில் நிற்பவரெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போடக்கூடாது.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40னு போட்டிருக்கே, நம்பர் பெருசா இருந்தா நல்ல ஆயிலா?

இல்லை. அந்த நம்பர் ஆயில் எவ்வளவு கெட்டி என்று மட்டும் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 'டபிள்யூ' போட்ட நம்பர் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் வருவது 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. தரத்தைப் பார்க்க ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) கொடுக்கும் எழுத்தைப் பாருங்கள்: எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று இருக்கும்.

எல்லா எண்ணெயும் சுட்டால் நீர்த்துப்போகும். அதைக் கட்டுப்படுத்த ஒரு பாலிமர் கலக்கிறார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும். அந்த நீளச் சங்கிலி கியர் பற்களுக்கு நடுவில் நசுங்கி நசுங்கி அறுந்துபோகும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் ஓடும் பைக்கில் இது சீக்கிரமே நடக்கும். 'புது ஆயில் போட்டப்ப கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு, ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல கடக் கடக்னு விழுது' என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆயில் மாத்தி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகல, கறுத்துப் போச்சு. டூப்ளிகேட் குடுத்துட்டீங்களா?

இந்தக் கேள்விக்காக ஒரு முறை சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டார்கள். கறுத்துப்போனால் டிஸ்பர்சன்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். கரி ஆயிலில் மிதந்தால்தான் ஆயிலோடு வெளியே வரும். பல மாதம் ஓடியும் ஆயில் பளபளவென்று இருக்கிறதென்றால், இன்ஜின் சுத்தமாக இருக்கலாம்; கரி ஆயிலில் கலக்காமல் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் கறுத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டிய நிறம் வேறு. பால் விட்ட காப்பி மாதிரி ஆனால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோல் கசிகிறது. டூப்ளிகேட்டை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சீல், பேட்ச் நம்பர் இரண்டையும் பாருங்கள். காலி கேனை மூடியோடு முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள், ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

தேயாம பாத்துக்கிறது எந்த அடிட்டிவ்? அதையே இன்னும் கொஞ்சம் ஊத்தினா என்ன?

அதன் பெயரைச் சுருக்கமாக இசட்டிடிபி என்பார்கள். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த சரக்கு. 1940-களில் பேரிங் அரிக்காமலும் ஆயில் கெடாமலும் இருக்கத்தான் இதைக் கலக்க ஆரம்பித்தார்கள். தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பிறகு தெரிந்தது. உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்ததும் இது கண்ணாடி மாதிரி மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படியும். அப்புறம் தேய்வது அந்தப் படலம், இரும்பு அல்ல. தேயத் தேயப் புதிதாகப் படிந்துகொண்டே இருக்கும்.

கூடுதலாக ஊற்றுவதில் இரண்டு சிக்கல். பாஸ்பரஸ் புகையோடு போய் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால்தான் புதுக் கார்களுக்கான 5டபிள்யூ-30 மாதிரி இலேசான ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 0.06-க்குக் குறையவும் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். டிடர்ஜென்ட், இசட்டிடிபி, வழவழப்புக்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் எல்லாமே அதே உலோகப் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடுபவை. ஜன்னலோர சீட் ஒன்றுதான், துண்டு போட வருபவர்கள் நாலு பேர். யாருக்கு எவ்வளவு இடம் என்று கம்பெனிக்காரன் பல மாதம் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான். நீங்கள் ஐந்தாவது ஆளை ஏற்றினால் யார் எழுந்து போவார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

காருக்கு வாங்கின ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கு. பைக்குக்கு ஊத்திடலாமா?

கியர் பைக் என்றால் வேண்டாம். பெரும்பாலான பைக்கில் கிளட்ச் பிளேட் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே ஆயில். மைலேஜுக்காகக் கார் ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரைக் கூட்டிக்கொண்டே போனதில் பைக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஜப்பான்காரர்கள் 1998-இல் பைக்குக்கென்றே ஜாசோ என்ற தனி முத்திரை கொண்டுவந்தது அதனால்தான். கேனின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது.

இன்னொன்று. ஜாசோ கணக்கில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் வரை இருக்க வேண்டும். மேலே சொன்ன கார் ஆயில் முடிகிற இடத்தில் பைக் ஆயில் ஆரம்பிக்கிறது. கியர் பற்களையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டுமே!

அப்ப ஸ்கூட்டிக்கு?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, பெல்ட் பக்கம் உலர்ந்து கிடக்கிறது. அதனால் வழுக்கும் ஆயிலே போடலாம். அதற்கான முத்திரை 'எம்பி'. எம்ஏ ஊற்றினால் ஒன்றும் கெட்டுவிடாது, மைலேஜில் சின்ன வித்தியாசம் வரலாம். ஆனால் ஸ்கூட்டர் ஆயிலைப் பைக்கில் ஊற்றக்கூடாது. வீட்டில் இரண்டும் இருந்தால் கேனில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். பின்சக்கரப் பக்கம் இருக்கும் சின்ன கியர் ஆயிலை மாற்றவும் மறக்காதீர்கள், நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆட்டோமேட்டிக் கார் கியர் ஆயில் ஏன் சிவப்பா இருக்கு? சிவப்பு எல்லாம் ஒண்ணுதானா?

சிவப்பு வெறும் சாயம். வண்டிக்கு அடியில் ஒழுகினால் இன்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் ஆயிலா என்று தெரிவதற்குத்தான். சாயம் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றல்ல.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஏடிஎஃப் என்னும் அந்த ஆயில் ஒரே சமயத்தில் ஐந்தாறு வேலை பார்க்கிறது: மசகு, சூட்டைக் கடத்துவது, வால்வுகளைத் தள்ளும் அழுத்தம், டார்க் கன்வெர்ட்டரில் சக்தியைக் கடத்துவது, எல்லாவற்றுக்கும் மேல் கிளட்ச் பிளேட்டுகள் எவ்வளவு வேகத்தில் கவ்வ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. சட்டென்று கவ்வினால் வண்டி குதிக்கும். மெதுவாகக் கவ்வினால் வழுக்கிப் பிளேட் கருகும். வழுக்கும் வேகம் குறையக் குறையப் பிடிப்பு திடீரென ஏறினால் வண்டி கடகடவென்று நடுங்கும். இதையெல்லாம் முடிவு செய்வது ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர்தான். ஒரு காலத்தில் ஃபோர்டு கம்பெனியின் 'டைப் எஃப்' ஆயிலில் அது கிடையாது, கியர் அழுத்தமாக விழும். ஜெனரல் மோட்டார்ஸின் 'டெக்ஸ்ரான்' ஆயிலில் அது உண்டு, கியர் மாறுவதே தெரியாது. இரண்டும் சிவப்பு. மாற்றி ஊற்றினால் இரண்டு கியர்பாக்ஸுக்கும் கேடு.

ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். ஆரம்பகால ஏடிஎஃப்-இல் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையராகக் கலந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். சூட்டையும் அழுத்தத்தையும் அது தாங்கிய மாதிரி வேறெதுவும் தாங்கவில்லை. அழியும் உயிரினம் என்று 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும், மாற்றுச் சரக்கு தேடிக் கம்பெனிகள் அலைந்தன. முதலில் வந்த மாற்றுகள் சரிவராமல் கியர்பாக்ஸ்கள் கெட்டன. அடிட்டிவில் ஒன்று மாறியதற்கே அந்தப் பாடு.

என்னுது சிவிடி. ஏடிஎஃப் ஊத்தலாமா? நண்பனுது ஏஎம்டி, அதுக்கும் அதேவா?

மூன்றும் மூன்று சாதி. சிவிடியில் இரும்பு பெல்ட் இரும்புப் புல்லியைப் பிடித்து இழுக்கிறது. அங்கே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பிடிப்பு வேண்டும், ஆனால் தேயக்கூடாது. அதற்கென்றே தனி அடிட்டிவ் கலவை. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். கோடு விழுந்த பிறகு வரும் பில் தொகையை இங்கே எழுதி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை.

ஏஎம்டி என்பது, 2014-இல் செலேரியோவில் வந்ததே, அது: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்சை மிதித்து கியர் போடுகிறது. கியர்பாக்ஸுக்கு மேனுவல் கியர் ஆயில்தான். அந்தக் கருவி எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதாக இருந்தால் அதற்குத் தனித் திரவம் உண்டு. 'ஆட்டோமேட்டிக்' என்று வண்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிவப்பு ஆயில் வாங்கிப் போனவர் ஒருவர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். நல்லவேளை, சீல் உடைக்கவில்லை.

ஜிஎல்-4க்கு பதிலா ஜிஎல்-5 ஊத்தினா இன்னும் நல்லதுதானே தம்பி? நம்பர் கூடத்தானே?

கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய டிரைவர்கள். ஜிஎல் என்பது கியர் ஆயிலுக்கான ஏபிஐ வகை. ஜிஎல்-5 லாரி, ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு. அங்கே கியர் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே பயங்கர அழுத்தத்தில் சுற்றும். அதைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அடிட்டிவை, ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு போடுவார்கள். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த அழுகல் வாடை கந்தகத்தினுடையது.

மேனுவல் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கும். வீரியமான கந்தகம் சூட்டில் பித்தளையின் செம்பை அரித்து ஏடு ஏடாக உரிக்கும். அதோடு, சிங்க்ரோ ரிங் உரசிப் பிடித்தால்தான் கியர் வேகம் ஒத்துப்போகும். ஆயில் வழுக்கினால் கியர் கரகரக்கும். பித்தளைக்குப் பாதிப்பில்லாமல் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும் பொருந்தும்படி செய்த ஆயில்களும் உண்டு, ஆனால் அதை டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். எழுதாததை நாமாக ஊகிக்க வேண்டாம்.

'இன்ஜின் ட்ரீட்மென்ட்'னு பாட்டில் விக்கறாங்களே, ஊத்தினா மைலேஜ் கூடுமா? நீங்களே விக்கிறீங்க!

விற்கிறேன், உண்மைதான். கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொன்னால் பக்கத்துக் கடையில் வாங்குவார். ஆனால் என் சொந்த வண்டியில் ஊற்றுவதில்லை.

அந்தப் பாட்டிலில் பொதுவாக இருப்பது பேஸ் ஆயிலில் கலந்த இசட்டிடிபி, மாலிப்டினம், ஏதாவதொரு பாலிமர், அல்லது நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் பிடிஎஃப்இ தூள். முதல் மூன்றும் பெரும்பாலும் உங்கள் ஆயிலில் ஏற்கெனவே அளவோடு இருப்பவையே. சீட் சண்டைக் கதையை மேலே படித்திருப்பீர்கள். பிடிஎஃப்இ விஷயத்தில், தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்கச் சுத்தம் செய்து, சொரசொரப்பாக்கி, முந்நூறு டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஒழுகும் இரும்பில் தானாகப் போய் எப்படி ஒட்டும்? அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்று இப்படி ஒன்று கோடிக்கணக்கில் விற்றது. தேய்மானத்தைப் பாதியாகக் குறைக்கும் என்கிற மாதிரியான அதன் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லையென்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1996-இல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷமே அப்படி விளம்பரம் செய்வதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

பைக்கில் ஊற்றுவது இன்னும் மோசம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வொர்க்‌ஷாப்பில் சொன்னார்களென்று ஒரு பாட்டில் ஊற்றினார். இரண்டு நாள் இன்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறதென்று சந்தோஷம். மூன்றாம் நாள் பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஆயிலை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் கேட்காமல் கிளட்ச் பிளேட்டே மாற்ற வேண்டி வந்தது.

பொருட்காட்சியில மெஷின்ல வெச்சு கண்ணு முன்னாடியே காட்டினாங்களே சார்?

பார்த்திருக்கிறேன். சுற்றும் வளையத்தின் மேல் ஒரு பேரிங்கை வைத்து நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண ஆயிலில் கிறீச்சென்று மெஷின் நின்றுவிடும். அவர்கள் சரக்கை நாலு சொட்டு விட்டதும் எடையை ஏற்ற ஏற்ற ஓடும். கூட்டம் கை தட்டும்.

அந்தச் சோதனை கியர் ஆயிலுக்கும் கிரீஸுக்கும் பொருந்தும், இன்ஜினுக்கு அல்ல. இன்ஜின் பேரிங் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றும், இரும்பும் இரும்பும் அப்படிக் கடிப்பதில்லை. அந்த மெஷினில் ஜெயிக்க மலிவான வழி குளோரின் ஏற்றிய பாரஃபின். இன்ஜினில் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதுவே அமிலமாக மாறி பேரிங்கை அரிக்கும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவை விட்டும் அந்த மெஷினை ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. அதற்காக இன்ஜினில் ஷாம்பூவா ஊற்றுவோம்?

ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி டீசல் ஊத்தி ஒரு கழுவு கழுவிடலாமா?

வேண்டாம். டீசலுக்கு மசகு போதாது. வடித்த பிறகும் மூலைகளில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். பல வருஷம் சேர்ந்த கசடு ஒரே தடவையில் பெயர்ந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்பில் இருக்கும் சல்லடையை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் நல்ல ஆயிலை ஊற்றி, பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள், இரண்டு தடவை. டிடர்ஜென்டும் டிஸ்பர்சன்டும் நிதானமாகக் கரைத்து எடுத்துவிடும்.

பிஎஸ்6 டீசல் கார். பழைய வண்டிக்குப் போடற டீசல் ஆயிலே போதாதா?

போதாது. 2020 ஏப்ரலில் இருந்து வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைத் துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே சூடேற்றி எரித்துவிடும். ஆனால் ஆயில் எரியும்போது கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் சாம்பலாகி அதே வடிகட்டியில் தங்கும். சாம்பலை எரிக்க முடியாது, சேர்ந்துகொண்டே போகும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கார் என்றால் புத்தகத்தில் பெரும்பாலும் ஏசிஇஏ என்னும் ஐரோப்பியத் தர முத்திரையின் 'சி' வரிசை போட்டிருக்கும், லாரி என்றால் ஏபிஐ சிகே-4. இதில் மேலே ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊற்றினால் காசு கொடுத்துச் சாம்பல் வாங்குகிறீர்கள்.

டர்போ பெட்ரோல் காருக்கு எஸ்பிதான் வேணும்னு சர்வீஸ்ல சொல்றாங்க. எஸ்என் ஏன் ஆகாது?

இதில் மட்டும் சர்வீஸ்காரர் பணம் பிடுங்கவில்லை. சின்ன டர்போ இன்ஜினில், அதிலும் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பிளக் பொறி வைக்கும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு தட்டு, பிஸ்டனே உடைந்துபோகலாம். தேடிப் பார்த்ததில் ஆயிலில் இருக்கும் கால்சியம் டிடர்ஜென்டுக்கும் அதில் பங்கு இருப்பது தெரிந்தது. கால்சியத்தில் ஒரு பகுதியைக் குறைத்து மெக்னீசியம் போட்டதும் தொல்லை குறைந்தது. அதற்கான சோதனையோடு 2018-இல் எஸ்என் பிளஸ் வந்தது, 2020-இல் எஸ்பி. இத்தனை வருஷம் நல்லது மட்டுமே செய்ததாக நினைத்த அடிட்டிவ், இன்ஜின் மாறியதும் வில்லனாகிவிட்டது.

ரோட்ல ஆயில் குறைஞ்சு போச்சு, வேற பிராண்ட்தான் கிடைக்குது. கலந்தா திரிஞ்சு போகுமா?

திரியாது. ஏபிஐ முத்திரை வாங்க, மற்ற ஆயில்களோடு கலந்து பிரியாமல் இருக்கிறதா என்ற சோதனையில் தேற வேண்டும். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட எந்த பிராண்டையும் ஊற்றி ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். கெட்டியும் ஏபிஐ எழுத்தும் ஒத்துப்போனால் போதும். அளவுதான் கலையும், அடுத்த சர்வீஸில் மாற்றிவிடுங்கள். ஏடிஎஃப், சிவிடி ஆயிலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டறேன். ஆயில் அப்படியே இருக்குமே?

கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் வண்டிதான் ஆயிலை அதிகம் கெடுக்கும். இன்ஜின் முழுசாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவதால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி அமிலமாகும். அமிலத்தை முறிக்க வைத்திருந்த டிடர்ஜென்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கும். ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடிருச்சு, ஏடிஎஃப் மாத்தினதே இல்ல. இப்ப மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு பயமுறுத்தறாங்க?

பயத்தில் பாதி உண்மை. கிளட்ச் பிளேட் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், பழைய ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் செத்துப்போனதால்தான் அது எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கும். பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூளும் பிடிப்புக்கு உதவியிருக்கும். புது ஆயில் ஊற்றியதும் வழுக்க ஆரம்பிக்கும், பழி புது ஆயில் மேல் விழும். ஆயில் மாற்றியதால் கியர்பாக்ஸ் போகவில்லை. போனது தெரியவந்தது, அவ்வளவுதான்.

முதலில் பழைய ஆயிலில் கொஞ்சம் வெள்ளைத்துணியில் விட்டுப் பாருங்கள். கறுத்து, கருகல் வாடை அடித்து, தூள் தெரிந்தால், கியர்பாக்ஸ் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலும் கருகல் வாடை இல்லாமல், கியர் ஒழுங்காக மாறுகிறதென்றால் தைரியமாக மாற்றலாம். மெஷின் வைத்து அழுத்தம் கொடுத்துக் கழுவச் சொல்லாதீர்கள். சம்பில் இருப்பதை வடித்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றுங்கள். வடிவது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான். அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை இதையே செய்யுங்கள். டப்பாவை வாங்கும் முன் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஏடிஎஃப் பெயரை போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். 'சிவப்பு ஆயில் குடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள்.